திருப்பி அனுப்பிய லாரி

மூட்டையின் தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்தார்.

முகக்கவசத்தை இறக்கினார். முகர்ந்தார்.

ஒன்றும் இல்லை.

இன்னொரு மூட்டை. அதிலும் இல்லை. லாரிமேல் ஏறி, அடியில் கிடந்த ஒன்றை இழுத்துப் பிரித்தார். கோலமாவு போலச் சாதுவாக இருந்தது.

பிளீச்சிங் பவுடர் என்றால் பிரித்ததும் மூக்கைத் துளைக்க வேண்டும். துளைக்காவிட்டால் அது வெறும் சுண்ணாம்பு. சோதனைக்கூடமெல்லாம் பெரிய ஊர்களுக்கு. இந்தப் பேரூராட்சிக்குச் சுகாதார ஆய்வாளரான அவருடைய மூக்குதான் சோதனைக்கூடம். அந்த மூக்கு இதுவரை பொய் சொன்னதில்லை.

போன மாதம்தான் அவசரத்தில் அவரைக் கேட்காமல் இறக்கிவிட்டார்கள்.

தெருத்தெருவாகத் தூவி முடித்த பிறகு தெரிந்தது, ஊருக்கே வெள்ளையடித்திருக்கிறோம் என்று. குடிநீர்த் தொட்டியிலும் அதைத்தான் கரைத்திருந்தார்கள். கீழத்தெருவில் வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரியில் இடமில்லை. படுக்கையெல்லாம் கொரோனாவுக்குப் போயிருந்தது.

ஒரு பிள்ளை செத்துப்போனாள்.

சூடு கண்ட பூனை அவர். மறுபடியும் முகர்ந்தார். இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்பதைப் போல. கொஞ்சமாவது நாறித் தொலையேன் என்று கெஞ்சினார்.

இந்த லாரிக்காக எத்தனை பேரிடம் கையேந்தியாயிற்று. பணத்தை முன்னால் வை என்கிறான் வியாபாரி. சரக்கு வராமல் காசை அவிழ்க்காதே என்கிறது சட்டம். இரண்டுக்கும் நடுவில் செயல் அலுவலர் அம்மா போனில் அழாத குறை. காலையில்கூட அவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீங்க மோந்து பாத்து சரின்னா, நான் கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டுருவேன்."

அவர் லாரியிலிருந்து இறங்கினார்.

"வேண்டாம்ப்பா. எடுத்துட்டுப் போயிரு."

ஆறடி தள்ளி நின்ற ஓட்டுநர் தலையிலடித்துக்கொண்டார்.

"நேத்து கம்பெனியில ஏத்தின சரக்கு சார். சந்தேகம்னா என் சட்டையை மோந்து பாருங்க."

போன மாதம் வந்தவனும் இப்படித்தான் சத்தியம் செய்தான்.

ஓட்டுநர் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. பக்கத்து நகராட்சிக்குப் போன் போட்டார். அவர்கள் எப்போது எப்போது என்றுதான் காத்திருந்தார்கள்.

பிரித்த மூட்டையிலிருந்து வாசல்வரை பொடி சிந்திக்கொண்டே லாரி போயிற்று.

இத்தனை பாடுபட்டு வந்த லாரி போகிறதே என்றிருந்தது அவருக்கு. ஆனாலும் மனம் ஆறுதலாக இருந்தது. இன்னொரு பிள்ளை சாகாமல் தடுத்துவிட்டோம் என்று நம்பினார்.

மதியம் தூய்மைப் பணியாளர் மாடத்தி வளாகத்தைப் பெருக்க வந்தாள். சிந்திக் கிடந்ததைக் கூட்டக் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். முகக்கவசத்துக்கு மேல் முந்தானையையும் இழுத்துப் பொத்தினாள்.

"அய்யா, அந்தால தள்ளி நில்லுங்க. மூக்குல ஏறிக் காந்துது."

அவர் அவளைப் பார்த்தார்.

அவள் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

குனிந்து ஒரு பிடி அள்ளினார். முகக்கவசத்தைக் கழற்றி முகத்தோடு வைத்து இழுத்தார். கண்ணோரம் லேசாகக் கரித்தது. காலையிலும் கரித்தது. வெயில் என்று துடைத்துக்கொண்டார்.

மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

சட்டைப்பையில் துணி முடிச்சு இருந்தது. கற்பூரமும் ஓமமும் இடித்து மனைவி கட்டிக் கொடுத்தது. பிரித்து முகர்ந்தார். அதிலும் வாசனை இல்லை.

இரண்டு நாளாக உடம்பெல்லாம் வலி. அலைச்சல் என்று விட்டுவிட்டார். காலையில் சாம்பார் சப்பென்றிருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு வந்திருந்தார்.

ஓட்டுநரைக் கூப்பிட்டார். அவசரத்தில் இரண்டுமுறை எண் தப்பிப் போயிற்று.

"இறக்கியாச்சே சார். நல்ல சரக்குன்னு டீ வாங்கிக் குடுத்தாங்க."

"கொஞ்சமாவது மிச்சம்..."

"ஒரு மூட்டைகூட இல்ல சார்."

அடுத்த லாரி எப்போது என்று கேட்டார். அதை ஓட்டுநர் அறிய மாட்டார். யாருமே அறிய மாட்டார்கள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவருக்கு மூக்குக்கு எட்டவில்லை.

அலுவலகத்துக்குப் பின்னால் மேல்நிலைத் தொட்டி நின்றது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக் காலை கீழத்தெருவில் குடங்களோடு வரிசையில் நிற்பார்கள். கரைக்க ஒன்றுமில்லை.

போன் அடித்தது. செயல் அலுவலர் அம்மா. அடித்து அடித்து ஓய்ந்தது.

ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. வாய்விட்டு அழுதால் மாடத்திமேல் தன் மூச்சுக்காற்று படுமே என்று பயமாகவும் இருந்தது.

முகக்கவசத்தை ஏற்றி மூக்கோடு அழுத்தினார்.

"நீ தள்ளி நில்லும்மா."

"எனக்குப் பழகுனதுதான்யா" என்று மாடத்தி சிரித்தாள். பொடியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தாள். அவர் பின்வாங்கினார். முதுகு சுவரில் இடித்தது.

கூட்டியதை அவள் முறத்தில் அள்ளியிருந்தாள். இரண்டு கைப்பிடி தேறும். நோய் கண்ட வீட்டு வாசலில் தூவுவது இந்த ஊரில் முதல் வேலை.

"இது ஒரு வீட்டுக்குத்தான் வரும். எந்த வீட்டுக்குங்கய்யா?"

அவர் தன் தெருவின் பெயரைச் சொன்னார். பிறகு கதவு எண்ணைச் சொன்னார்.