சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சொல்

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் அக்கா தங்கையை நிறுத்தினாள். முகத்துக்கு நேரே நின்று, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

உள்ளே மெல்லலாம், விழுங்கலாம். பேசக் கூடாது.

தங்கை தலையை ஆட்டினாள். அக்கா இன்னொரு தரம் விரலை வைத்துக் காட்டினாள். தங்கை சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அது தங்கைக்கே தெரியாது.

இந்தக் கன்னியர் மடத்தின் மேசையில் ஒரு வேளை உட்கார அனுமதி கேட்டு அக்கா நடையாய் நடந்திருந்தாள். துறவிகளின் வரலாற்றைத்தான் அவள் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். மொட்டை அடித்தவர்கள், சடை வளர்த்தவர்கள், ஓடு ஏந்தியவர்கள், எறும்பு மிதிபடாமல் மயிற்பீலியால் கூட்டிக்கொண்டே நடந்தவர்கள். மதம் எதுவானாலும் வாயைக் கட்ட ஏதாவது ஒரு வழி வைத்திருந்தார்கள்.

இங்கே சாப்பிடும்போது கைஜாடை மட்டும்தான். கடைசி அத்தியாயமே அதைப் பற்றியது. பாதிச் சாப்பாட்டில் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டால் புத்தகம் வாலில்லாமல் நிற்கும்.

தங்கை வந்தது கார் ஓட்டுவதற்கு. வழி முழுக்க அக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தங்கையின் கண் சாலையை விட்டு அவள் முகத்துக்கு வந்துவிடும்.

வீட்டு மேசையிலும் தங்கையின் கண் அடுத்தவர் முகத்தில்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற குடும்பம். மாமா ஒன்று சொல்ல, அத்தை குறுக்கே புகுந்து ஒன்று சொல்ல, சிரிப்பில் தண்ணீர் புரையேறும். தங்கை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் அக்காவின் கையைச் சுரண்டி என்ன என்று கேட்பாள்.

அக்கா உள்ளங்கையைக் காட்டி, "அப்புறம் சொல்றேன்" என்பாள்.

அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை.

கூடத்தில் நீள மேசை. எதிரே இருந்த வயதான கன்னியாஸ்திரீ பால் கறப்பது போலத் தன் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். பால் ஜாடி வந்தது. இரண்டு கையாலும் வட்டம் போட்டாள், ரொட்டி வந்தது.

அக்கா, பழைய ஏடுகளில் படித்ததை நம்பி, உப்புக்கு ஜாடை காட்டினாள். யாரோ எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்கள்.

தங்கைதான் என்னவோ விரலை ஆட்டி உப்பை வரவழைத்துக் கொடுத்தாள். சூப் ஆறுவதற்குள் அவளுக்கு எல்லாம் பிடிபட்டிருந்தது. அவள் கையும் கிழவியின் கையும் ஓயவே இல்லை.

கிழவி இரண்டு விரலை மீசையாக வைத்து எதையோ திருடுவது போல நடித்தாள். மடத்துத் தலைவியை ஓரக்கண்ணால் காட்டினாள்.

தங்கை சிரித்தாள். சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது.

அக்காவுக்கு உயிரே போய்விட்டது.

"மெதுவா" என்றாள் தங்கையிடம். வாய்விட்டே சொன்னாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. தங்கையை யாரும் பார்க்கவில்லை. சிரிப்புக்கு இங்கே தடை இல்லை, சொல்லுக்குத்தான் தடை. அதை விளக்கி ஒரு பக்கம் எழுதியவளே அக்காதான்.

தலைவி கரண்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டினாள். காலியான தட்டுகளைக் காட்டினாள். மௌனத்தை உடைத்தவள் எல்லார் தட்டையும் கழுவ வேண்டும்.

வெளியே அனுப்பவில்லையே என்று அக்கா தட்டுகளை வாரிக்கொண்டு போனாள்.

கழுவுகிற இடத்திலிருந்து கூடம் தெரிந்தது. தங்கை நடுவில் இருந்தாள். அவள் யார் முகத்தையும் துழாவவில்லை. மற்றவர்கள்தான் எட்டி எட்டி அவள் கையைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அக்கா பார்க்காத ஒரு முகம் தங்கைக்கு வந்திருந்தது.

எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவதியோ கடவுளுக்காகப் பேச்சை விட்டாள். இந்தத் தங்கைக்கு இப்படி ஒரு நாற்காலி போட்டுவைக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. எங்கே இருந்தாலும் நன்றாக இரு தாயே என்று அக்கா மனதுக்குள் கும்பிட்டாள். கண்ணைத் துடைக்கப் போய் சோப்பு பட்டு எரிந்தது.

அப்போது கிழவி அக்காவைக் காட்டி எதையோ கேட்டாள். தங்கை பதில் சொல்ல, மேசை முழுவதும் சத்தமில்லாமல் குலுங்கியது.

அக்கா சோப்புக் கையைத் தூக்கி, என்ன என்று கேட்டாள்.

தங்கை உள்ளங்கையைக் காட்டினாள்.

சாப்பாடு முடிந்து காரில் ஏறியதும் தங்கை சாவியைத் திருப்பவில்லை. அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பூனை தலைவியின் தட்டிலிருந்து மீனைத் தூக்கிய கதையில் ஆரம்பித்து, ஒன்று விடாமல், இரண்டு கையாலும் சொன்னாள். அக்கா ஒரு விரலைக் கூடத் தவறவிடாமல் பார்த்தாள்.

கிழவி கேட்டதைக் கடைசியாகச் சொன்னாள்.

"உனக்குக் காது கேக்காதுன்னு உங்க அக்காவுக்கு இன்னும் யாரும் சொல்லலையா?"