பசுமைக் கேடயம்

மாவட்டத்தில் எல்லா அரசு அலுவலகங்களும் மின்சாரச் செலவைக் குறைத்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு கால்நடை மருந்தகம் மட்டும் ஏற்றிக்கொண்டே போனது.

கோகிலவாணிக்கு எரிச்சல் தாங்கவில்லை. அரசு அலுவலகங்கள் கரியமில வாயுவை எவ்வளவு குறைத்திருக்கின்றன என்று மாதாமாதம் கணக்கெடுத்து, நாமக்கல்லில் கலெக்டர் முன்னால் வைப்பது அவள் வேலை.

அந்தக் கணக்கை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஓர் அலுவலகத்தில் கார்பன் எவ்வளவு குறைந்தது என்று கேட்டாள். கார்பன் பேப்பர் வாங்குவதையே எப்போதோ நிறுத்திவிட்டோம், பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னோர் இடத்தில் கணக்குக்குப் பதிலாக, அதிகாரி மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் போட்டோ வந்தது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். இந்த மருந்தகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

மோகனூர் பக்கம் சின்னக் கிராமம். ஒரு டாக்டர், ஓர் உதவியாளர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட எதற்கு இத்தனை கரண்ட்? அந்தப் பகுதி ஒன்றிய அலுவலகம் செலவைப் பாதியாகக் குறைத்து, மாதாமாதம் அதிகம் குறைத்த அலுவலகத்துக்குக் கொடுக்கும் பசுமைக் கேடயத்தையே போன மாதம் வாங்கிவிட்டது. அவர்களைப் பார்த்தாவது கற்றுக்கொள்ள வேண்டாமா?

விளக்கம் கேட்டு டாக்டர் குமரகுருவுக்கு நோட்டீஸ் அனுப்பினாள். தேவை இருந்ததால் பயன்படுத்தப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

அந்த ஒற்றை வரிதான் அவளைக் கிளப்பியது. மத்தியான வெயிலில் நேராகவே போய் இறங்கினாள்.

குமரகுரு ஓர் ஆட்டின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இவள் யாரென்று தெரிந்ததும் ஆட்டுக்காரரை அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. மாவட்டமே ஒரு பக்கம் இழுக்க நீங்கள் ஒருவர் மறு பக்கம் இழுத்தால் எப்படி என்று ஆரம்பித்தாள். உங்கள் ஒருவரால் மொத்தக் கணக்கும் கெடுகிறது, கலெக்டரிடம் பேச்சு வாங்குவது நான் என்றாள். அவள் பேசப் பேச, குமரகுரு பின்னால் சாத்தியிருந்த கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னால் ஃபேன்கள் ஓடும் சத்தம் கேட்டது. ஆளில்லாத அறையில் ஃபேன். அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க மேடம். கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. உள்ள குழந்தைங்க தூங்குதுங்க."

அவள் கதவைத் திறந்தாள்.

தரை முழுக்கப் பாய். அதில் தாறுமாறாகக் கை காலைப் போட்டுக்கொண்டு அங்கன்வாடிப் பிள்ளைகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பணியாளர் சரிதா, பதறிப்போய் எழுந்து நின்றார்.

வெளியே வந்து சரிதாதான் விஷயத்தைச் சொன்னார். செலவைக் குறைக்கிறோம் என்று ஒன்றியத்தில் சில கட்டடங்களின் மின் இணைப்பையே நிறுத்திவிட்டார்களாம். அதில் அங்கன்வாடியும் ஒன்று. மேலே சிமெண்ட் ஷீட். ஃபேனும் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. ஒருநாள் ஒரு பிள்ளை மயங்கி விழுந்துவிட்டது. எதிர் வீட்டு மாட்டுக்கு ஊசி போட வந்திருந்த டாக்டர்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மறுநாளே மருந்து மூட்டைகளை ஒதுக்கி இந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்.

கோகிலவாணி குமரகுருவிடம் திரும்பினாள்.

"இதை நீங்க பதில்லயே எழுதியிருக்கலாமே டாக்டர்?"

"எழுதுனா, மாட்டாஸ்பத்திரில எதுக்குக் குழந்தைங்கன்னு அடுத்த நோட்டீஸ் வருமுங்க. வெயில்ல திரும்ப அங்கயே அனுப்பச் சொல்லுவாங்க."

அங்கேயே நின்று ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்த அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார். இணைப்பு கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் கணக்கு ஏறிவிடும், ஏன் ஏறியது என்று நீங்கள்தானே எங்களைக் கேட்பீர்கள் என்றார்.

"கேட்க மாட்டேன். குடுங்க."

இரண்டொரு நாளில் அங்கன்வாடிக்குக் கரண்ட் வந்தது. பிள்ளைகள் தங்கள் இடத்துக்கே திரும்பினார்கள்.

அடுத்த மாதக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது கோகிலவாணி தலையில் கை வைத்துக்கொண்டாள். முந்தின மாதத்தைவிட மிக அதிகமாகக் குறைத்த அலுவலகம் எது என்றுதான் அது பார்க்கும். பட்டியலில் முதல் பெயராகக் கால்நடை மருந்தகம் வந்து நின்றது.

இப்படிக் கணக்குப் போடும் முறையே தப்பு, யாருக்காகச் செலவானது என்றும் பார்க்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். நல்ல யோசனை, எழுதிக் கொடு, ஆனால் கேடயம் கொடுக்கும் விழாவுக்குப் பந்தல் போட்டாகிவிட்டது என்றார் அவர்.

விழாவில் குமரகுருவை மேடைக்கு அழைத்தார்கள். மனம் வைத்தால் ஒரே மாதத்தில் திருந்தலாம் என்பதற்கு இவர் உதாரணம் என்று மைக்கில் அறிவித்தார்கள். கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அவர் கீழே இறங்கி, கேடயத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் போல இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கோகிலவாணியிடம் வந்தார்.

"போன மாசம் குடுத்திருந்தாக்கூட வாங்கியிருப்பேனுங்க மேடம். இந்த மாசம் நான் ஒண்ணுமே செய்யலீங்களே."