கிளெட்டின் கடைசிப் பெட்டி

செங்கொடி ஏறியிருந்தது. எல்டன் நொரீனின் மேசையில் கை வைத்தான்.

எங்கள் துப்பாக்கிக் கிளப்பில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கொடி ஏறினால் ரைபிளைக் காலிசெய்து மேசையில் வைத்துவிட்டு, எல்லாரும் பின்னால் வந்துவிட வேண்டும். தூரத்தில் குறிப்பலகை மாற்றப் போனவர்கள் திரும்பும்வரை மேசைப் பக்கம் போகக்கூடாது. மொன்டானா மாநிலம் முழுக்க இதுதான் விதி. கொடிக்குப் பொறுப்பு நான்.

"எல்டன், கையை எடு."

"கூடு பொறுக்கினேன்."

"கூடு தரையில கிடக்கு. உன் கை மேசையில இருந்துச்சு."

சுட்டபின் விழும் பித்தளைக் கூட்டை இங்கே யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. வீட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்பி, குண்டைச் செருகி, அடுத்த வாரம் சுடலாம். எல்டன் அடுத்தவன் கூட்டையும் விடமாட்டான். தரையைக் கொத்திக்கொண்டே திரிவதால் அவனுக்குப் பெயர் கோழி.

ஆனால் நொரீனிடமா?

அவள் கணவன் கிளெட் சாவதற்கு முன் தன் கையால் மருந்து நிரப்பி ஒரு பெட்டி தோட்டா ஏற்றி வைத்திருந்தான். சனிக்கிழமை வருவாள். கொஞ்சம் சுடுவாள். பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவாள். "சுடறப்போ அவர் பக்கத்துல நின்னு மூச்சுவிடற மாதிரி இருக்கு" என்று ஒருதடவை சொன்னாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

"பையைக் காட்டு" என்றேன்.

"வேண்டாம், கிழவா."

நானே கையை விட்டேன். காலிக் கூடு இல்லை. முழுத் தோட்டாக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷ் வளையம்.

ஈரம் புகாமலிருக்க கிளெட் இப்படித்தான் பூசுவான். நொரீனின் பாட்டிலை அவளுக்குத் தெரியாமல் எடுத்து.

"செத்தவன் தோட்டாவையா திருடறே?"

எல்டன் பலகைகள் இருந்த பக்கம் பார்த்தான். நொரீன் தூரத்தில் நிதானமாக நடந்துகொண்டிருந்தாள்.

"திருடலை. வைக்கிறேன்."

"என்ன?"

"கிளெட் ஏத்தினது போன வருஷமே தீர்ந்திருக்கும். அவ சுட்ட கூட்டைத்தான் எடுத்துட்டுப் போய் ஏத்தறேன். மெதுவா பேசு."

திருடியிருந்தால் கெட்ட வார்த்தை சொல்லி விட்டிருப்பேன். இது அதைவிட மோசம்.

"அடுத்தவன் ஏத்தின தோட்டாவை எவனாவது சுடுவானா? மருந்து கொஞ்சம் கூடினா ரைபிள் மூஞ்சியிலேயே வெடிக்கும். அப்பன் ஏத்தினதை மகன் சுடமாட்டான். அவ கிளெட்டோடதுன்னு நம்பிச் சுடறாடா."

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை நிறுக்கறேன்."

"அதை அவகிட்ட சொல்லு."

"சொன்னா?" எல்டனின் குரல் இறங்கியது. "பெட்டி காலியாகிற அன்னிக்குத்தான் அவளுக்கு அவன் செத்தவன். அப்புறம் எதுக்கு இங்க வருவா? அந்த மேசை காலியா கிடக்கும். நான் அதைப் பார்த்துக்கிட்டு..."



அவனும் கிளெட்டும் அடுத்தடுத்த மேசை. பாதி ஆயுசு அப்படியே போனது. ஒருத்தனை ஒருத்தன் திட்டாமல் ஒரு தோட்டா சுட்டதில்லை.

அதற்காக விதியை விட முடியுமா?

"நீ சொல்றியா, நான் சொல்லவா?"

எல்டன் வேலிப் பக்கம் நடந்துவிட்டான்.

நொரீன் பழைய பலகைத் தாளோடு திரும்பி வந்தாள். நான் கொடியை இறக்கவில்லை. அவளைப் பின்பக்கம் கூப்பிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"நொரீன், நீங்க சுடற தோட்டா கிளெட் ஏத்தினதில்லை."

"தெரியும்."

கையிலிருந்த தாளை நீட்டினாள். ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில். கட்டைவிரலால் மூடிவிடலாம்.

"கிளெட் தோட்டா இப்படி விழுமா? அவர் ஏத்தினா ஒண்ணு வடக்க போகும், ஒண்ணு மேய்ற மாட்டுக்குப் போகும். இது எல்டன் கை."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே."

"தெரிஞ்சுமா சுட்டீங்க? அடுத்தவன் ஏத்தினதை?"

அவள் எல்டன் நின்ற பக்கம் பார்த்தாள்.

"பலகைகிட்ட ஏன் மெதுவா நடக்கறேன்னு நினைச்சீங்க? குனிஞ்சு பொறுக்கி, பெட்டியைத் திறந்து அடுக்கணும். வயசான மனுஷன். நேரம் வேணாமா?"

தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திடுவார். எனக்குக் கிளெட் போனது ஒருதடவை போதும்."

கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். பழையது. மூடியைச் சுற்றிக் காய்ந்த சிவப்பு. ஆண்பிள்ளை கைபட்ட மாதிரி அப்பியிருந்தது.

"எல்டன் வாங்கற பாலிஷ் ஆரஞ்சு அடிக்குது. கிளெட்டோடது இந்தச் சிவப்பு. எல்டன் மேசையில வெச்சிடுங்க. நான் குடுத்தேன்னு தெரிய வேண்டாம்."

"இது தீர்ந்துட்டா?"

"இன்னும் பாதி இருக்கே."

எல்டன் வேலிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான், எந்த நிமிஷமும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்ப்பவன் மாதிரி.

செங்கொடி இறங்கவில்லை. நான் எல்டனின் மேசையில் கை வைத்தேன்.