டாக்டர் வாசலில் ஒரு ஜோடி

கிளினிக் வாசலில் தணிகாசலம் கழற்றிவிட்டுப்போன செருப்புகள் பேசிக்கொண்டிருந்தன.

"என் அடியில ஆணி ஏறி மூணு நாளாச்சு," என்றது வலது செருப்பு. "அவர் பாதம் அது மேலதான் நிக்குது. எனக்குள்ள ரத்தம் காஞ்சு கிடக்கு."

"அப்போ ஏன் அவர் 'ஆ'ன்னுகூடச் சொல்லல?" என்றது இடது செருப்பு.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. சர்க்கரை முத்தினதிலிருந்து அந்தக் காலுக்கு எதுவுமே தெரியல."

உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. "காலை இந்த ஸ்டூல் மேல நீட்டுங்க, பார்க்கலாம்."

"ஐயோ, உங்க முன்னாடி எப்படிங்க காலை நீட்டுறது?" என்று பதறினார் தணிகாசலம். "வலியே இல்லைங்க டாக்டர். கால் நல்லாத்தான் இருக்கு."

"நீட்டுங்க ஐயா, நீட்டுங்க!" என்று வாசலிலிருந்து கத்தியது வலது செருப்பு. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நாலு மாதம் கழித்து அதே வாசலுக்கு இடது செருப்பு மட்டும் வந்தது.

"உன் ஜோடி எங்க?" என்று கேட்டது, பக்கத்தில் கிடந்த ஒரு புதுச் செருப்பு.

இடது செருப்பு உள்ளே பார்த்தது. தணிகாசலம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். டாக்டர் கேட்பதற்கு முன்பே, மிச்சமிருந்த காலை நீட்டினார்.