எண்ணெய்க் குளம்

"நேத்து சாயங்காலம் வரைக்கும் உசுரோட இருந்துச்சு சார். விடியறதுக்குள்ள யாரோ கொன்னிருக்காங்க!"

குளக்கரையில் வைத்திருந்த நுண்ணோக்கியிலிருந்து சத்யப்பிரியா கண்ணை எடுக்கவில்லை. எண்ணெயைத் தின்பதற்கென்றே ஆய்வகத்தில் மரபணு மாற்றி வளர்த்த பாக்டீரியா. நான்கு மாதத்தில் கறுப்புப் படலத்தைத் தின்று பாதிக் குளத்தைத் தெளிய வைத்திருந்தது. இன்று ஒன்றுகூட அசையவில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்குத்தான் கடைசி நாள்மா. உயிர் இல்லன்னா திட்டம் ஃபெயில்னுதான் எழுதணும். அப்புறம் சாம்பலக் கொட்டிக் குளத்த மூடிடுவாங்க."

"அதுக்குத்தானே சார் செஞ்சிருக்கான்! மூடிட்டா இவங்க கழிவும் அடியில மறைஞ்சிடும்ல!"

அவள் விரல் பிரவின்குமாரை நோக்கி நீண்டது. நெய்வேலி ரோட்டில் பழைய எஞ்சின் எண்ணெய் காய்ச்சும் தனியார் கம்பெனியின் சூப்பர்வைசர். குளத்தைக் கெடுத்ததே அந்தக் கம்பெனிக் கழிவுதான்.

"வாய்க்கு வந்தத பேசாதம்மா. உன் பூச்சி செத்ததுக்கு நானா கருமாதி பண்ணணும்?"

"பண்ணுய்யா. எங்க தெருவுல முப்பது வூட்டுக்கும் சேத்துப் பண்ணு. இந்தத் தண்ணியத்தான் குடிச்சோம்."

"வுடுடி. பெரிய எடத்து ஆளு" என்று கையைப் பிடித்து இழுத்தாள் அம்மா செல்லக்கிளி. ஊராட்சியில் துப்புரவு வேலை. மகளிடம் அதிகாரிகள் பேசுவதைப் பார்க்கவே சீருடையோடு வந்து நின்றிருந்தாள்.

"நீ சும்மா இரும்மா. பயந்துகினே இருந்துதான் கொளமே போச்சு."

சத்யப்பிரியா ஒரு சோதனைத் தாளைத் தண்ணீரில் நனைத்தாள். வெள்ளைத் தாள் கருநீலமானது.

"பாருங்க சார், குளோரின்! மூட்ட மூட்டையா கொட்டியிருக்கான். நான் எழுதியே தரேன்."

புகாரில் பிரவின்குமார் பெயரைத் தாள் கிழியும்படி அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி வாங்கிப் படித்தார்.

"குளோரின்னா இன்னாடி?" அம்மா மெல்லக் கேட்டாள்.

"பிளீச்சிங் பவுடர்ல இருக்கறதும்மா. தண்ணியில எந்த உசுரையும் விட்டு வெக்காது."

செல்லக்கிளி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபீசருங்க எங்க வந்தாலும் எங்கள அதத்தான கண்ணு போடச் சொல்லுவாங்க... நாத்தமடிச்சி ஒனக்கு அசிங்கமாயிடக் கூடாதேன்னு, வெடியக்கால நான்தான் ரெண்டு மூட்டையக் கொட்டினேன்."