ஏழாவது கட்டை

பெருநகர் ரேஷன் கடையில் வேலை பார்க்கும் லீலாவதி, மூன்று மாதமாக வீடியோ பார்த்து கடைசல் மெஷினில் மரம் கடையப் பழகிவந்தாள். கட்டையை நடுவில் பிடிக்காமல், மூன்று இடங்களில் மாற்றி மாற்றித் தள்ளிப் பிடித்துச் சுழற்றினால் மூன்று பக்கமும் முறுக்கிய விளக்குத்தண்டு கிடைக்கும். மையம் விலகிய கட்டை சுழலும்போது அதன் ஓரம் ஒரு நிழல் போல ஆடும். அதை மட்டும் சீவ வேண்டும். உளி ஆழம் போனால் கட்டை பிய்த்துக்கொண்டு பறக்கும். இதுவரை ஆறு பறந்து வெந்நீர் அடுப்புக்குப் போயின. ஏழாவதும் போனால் மெஷினை விற்றுவிடுவதாகக் கணவன் முத்துவேலிடம் சொல்லியிருந்தாள்.

ஏழாவதில் இரண்டு பக்கம் அழகாக முடிந்தது. மூன்றாவதைத் தொடங்கியதும் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. கட்டையும் நின்றது. நிழல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

லீலாவதி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிழலில் உளியை வைத்தாள். சீவல் சுருள் சுருளாக விழுந்தது.

"இதுவும் வெறகுதானா?" என்றபடி முத்துவேல் உள்ளே வந்தான்.

அவள் விளக்குத்தண்டைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். மூன்று பக்கமும் ஒரு கீறல் இல்லை.

"அடியே! கரண்டே இல்லியே, எப்படிக் கடைஞ்ச?"

வெறும் மெஷினில் நிழல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னொரு கட்டைய எடுய்யா," என்றாள் லீலாவதி. "கரண்டு வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."