வலப்புறம் விழுந்த பூ

மாரியம்மனின் வலத்தோளில் வைத்திருந்த அரளிப் பூ நழுவி விழுந்தது. குஞ்சம்மாள் ஈரப் புடவையுடன் தரையில் விழுந்து வணங்கி, விம்மி விம்மி அழுதார்.

"உத்தரவு கெடச்சிருச்சுக்கா! பரிசு நம்ம ஊட்டுக்குத்தான்!" என்று அவருடைய தம்பி பாலசுந்தரம் கோயில் மணியை ஓங்கி அடித்தார்.

பூவாக்குக் கேட்பவர் வேண்டுதலை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். அம்மனின் இரு தோள்களிலும் வைத்த பூக்களுள் வலப்புறத்துப் பூ முதலில் விழுந்தால், வேண்டியது நடக்கும் என்பது புதுச்சத்திரத்தாரின் நம்பிக்கை.

மொழிபெயர்ப்பு நாவலுக்கான பெரும் பரிசு அன்று மாலை டெல்லியில் அறிவிக்கப்படவிருந்தது. இறுதிப் பட்டியலில் குஞ்சம்மாளின் மகன் இளவழகன் எழுதிய நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. மகள் கலைமணி இறந்த பிறகு கோயில் வாசலையே மிதிக்காதவர், மகனுக்காகத் தம் வைராக்கியத்தை விட்டுவிட்டார் என்று ஊரே நெகிழ்ந்தது.

மாலையில் இளவழகனின் மனைவி தீபிகா, விழாவின் நேரலையைத் தொலைக்காட்சியில் வைத்தாள். குஞ்சம்மாள் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்முணி, உன்ற ஊட்டுக்காரன் மேடையேறப் போறான். அந்தத் தாடியவாச்சும் செரைச்சானா?" என்றார் பாலசுந்தரம்.

"சொன்னாக் கேக்கோணுமுங்களே! எழுத்தாளருன்னா அப்படித்தான் இருக்கோணுமாமுங்க."

குஞ்சம்மாள் நிமிர்ந்தார். "ஏஞ்சாமி, இங்கிலீசுலயும் கடைசியில அந்தப் புள்ள ஜேடர்பாளையத்து ஆத்துல எறங்குதா?"

"ஆமாங்கத்தை. எந்தப் பாஷைக்குப் போனாலும் கதை மாறாதுங்களே."

"எங்கக்காளுக்கு முடிவ மாத்திக் குடுக்கோணுமாமா!" என்று பாலசுந்தரம் சிரித்தார்.

"பரிசு மட்டும் கெடச்சுதுன்னா, இன்னும் பத்திருவது பாஷையில வருமுங்களாம். பதிப்பகத்துல சொன்னாங்க," என்றாள் தீபிகா.

"அப்பச் சீனாக்காரனும் படிச்சுப்போட்டு அழுவான்னு சொல்லு!"

நடுவர் மேடைக்கு வந்தார். உறையைப் பிரித்தார். அவர் படித்தது வேறொருவரின் பெயர்.

தீபிகா முகத்தைப் பொத்திக்கொண்டாள். பாலசுந்தரம் தொலைக்காட்சியை அணைத்தார். "ஆத்தா நம்மள இப்படி ஏமாத்திப்போட்டாளே!" என்றார்.

சற்றைக்கெல்லாம் இளவழகன் அழைத்தான். தீபிகா கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கி, மாமியாரிடம் நீட்டினாள்.

"கெடைக்கலீங்கம்மா. எனக்காகப் பட்டினி கெடந்து வேண்டுனீங்க. அதும் பலிக்காமப் போச்சுங்களே."

குஞ்சம்மாள் கைப்பேசியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"பலிச்சிருச்சு சாமி. என்ற கலைமணி இன்னொரு பாஷையிலயும் சாவ வேண்டாமுன்னுதான் கேட்டேன்."